‘விக்டரி சிட்டி’ படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சல்மான் ருஷ்தியின் ‘விக்டரி சிட்டி’ 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. விஜயநகரப் பேரரசின் கதையை ஒரு பெண் கவியின் வாயால் சொல்லும் நாவல். வாசகர் கூட்டங்களில் இது பேச்சுக்கு வரும்போதெல்லாம் “இது நிஜமா, கட்டுக்கதையா?” என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. பெரும்பாலும் எது நிஜம் என்று நினைக்கிறோமோ அது கற்பனையாக இருக்கிறது, எதைக் கற்பனை என்று ஒதுக்குகிறோமோ அது ஆவணத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தொகுப்பு. கதை முடிவு வரை இதில் உடையும், சொல்லிவிட்டோம்.

1. கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்?

கம்பிலி என்ற சிறிய அரசு போரில் தோற்கிறது. ஊர்ப் பெண்கள் வரிசையாகத் தீக்குள் நடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ராதா, மண்பாண்டம் வனைபவள். அவள் மகள் பம்பா கம்பணாவுக்கு ஒன்பது வயது. தாய் எரிவதைப் பார்த்து நிற்கும் சிறுமியின் வாய்க்குள்ளிருந்து ஒரு தேவி பேசுகிறாள்: இனி எந்தப் பெண்ணும் இப்படி எரியாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. அதில் நீ ஜெயிப்பதையும் தோற்பதையும் பார்க்கும் அளவுக்கு உனக்கு ஆயுள் உண்டு.

பம்பா 247 வருடம் வாழ்கிறாள். ஒரு பை விதையிலிருந்து நகரத்தை முளைக்க வைக்கிறாள், இரண்டு மன்னர்களுக்கு மனைவியாகிறாள், மகளுக்கும் அரியணையில் உரிமை வேண்டும் என்கிறாள். அதற்கு விலையாகக் காட்டுக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள், கண்களை இழக்கிறாள். கடைசியில் எல்லாவற்றையும் காவியமாக எழுதி, பானைக்குள் வைத்து மெழுகால் அடைத்து மண்ணுக்குள் புதைக்கிறாள். நான்கரை நூற்றாண்டு கழித்து அந்தப் பானை கிடைத்ததாகவும், அதை எளிய நடையில் திருப்பிச் சொல்வதாகவும் நாவல் பாவனை செய்கிறது.

2. வரலாற்று நாவலா, மாயாஜாலக் கதையா? எந்த அலமாரியில வைக்கிறது?

மாய யதார்த்தம் என்று சிறுபத்திரிகை வட்டாரத்தில் நாம் சொல்லும் வகை. அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. மந்திரக் கதையில் அதிசயம் நடந்தால் பாத்திரங்கள் வாய் பிளப்பார்கள். இங்கே அதிசயம் நடந்த அடுத்த நிமிடமே அதன் நடைமுறைத் தொல்லைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மண்ணிலிருந்து கோட்டையும் கோவிலும் மனிதர்களும் எழுந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். மேலே மலையில் உட்கார்ந்திருக்கும் ஹுக்காவும் புக்காவும் (நகரத்தின் முதல் இரு மன்னர்களாகும் அண்ணன் தம்பி, வரலாற்றில் ஹரிஹரர், புக்கர்) கவலைப்படுவது எதற்கு? முளைத்த ஆண்கள் சுன்னத் செய்தவர்களா இல்லையா என்பதற்கு. நாவலின் முழுக் குரலும் அந்த ஒரு பேச்சில் பிடிபட்டுவிடும்.

3. விஜயநகரம்னு நேரா சொல்லாம ஏன் ‘பிஸ்னகா’?

நாவலில் குதிரை வியாபாரியான டோமிங்கோ நூனிஸ் என்ற போர்ச்சுகீசியனுக்கு விஜயநகரம் என்று நாக்கு வளையாது. அவன் உளறியதே ஊர்ப் பெயராகிவிடுகிறது. இதில் பாதி நிஜம். போர்ச்சுகீசியர்கள் எழுத்தில் விஜயநகரம் ‘பிஸ்னகா’தான்.

டோமிங்கோ நூனிஸ் என்ற பெயருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். 1520-ஐ ஒட்டி நகரத்தைப் பார்த்து எழுதிய டோமிங்கோ பயஸ், 1535-ஐ ஒட்டி அங்கே இருந்த குதிரை வியாபாரி ஃபெர்னாவ் நூனிஸ். இருவர் குறிப்புகளையும் ராபர்ட் சிவெல் 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இன்றைக்கும் விஜயநகரத்தைப் பற்றி யார் எழுதினாலும் அந்த இருவரைத் தாண்டிப் போக முடியாது.

4. பம்பா கம்பணா உண்மையில் இருந்தவங்களா?

இல்லை. ஆனால் பெயரின் இரண்டு துண்டும் அந்த மண்ணுடையவை. பம்பா என்பது துங்கபத்திரையின் பழைய பெயர். அந்தக் கரையில் இருந்த தேவியின் பெயரும் அதுவே. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாக மாறியது நமக்குத் தெரிந்ததுதான்: பால்–ஹாலு, புலி–ஹுலி, பல்–ஹல்லு. அதே வழியில் பம்பே, ஹம்பே ஆகி, விஜயநகரத்தின் இடிபாடுகள் இருக்கும் இன்றைய ஹம்பியாக நிற்கிறது. ஊரின் பெயரே தேவியின் பெயர். அங்கே கோவில் கொண்ட சிவனான விருபாட்சர் பிறகு வந்து அவளை மணந்துகொண்டவர் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கோவிலில் அந்தத் திருமண விழா இன்னமும் நடக்கிறது.

கம்பணன் என்பது விஜயநகரத்தை முதலில் ஆண்ட சங்கம வம்சத்தில் புழங்கிய ஆண் பெயர். முதலாம் ஹரிஹரரின் தம்பி ஒருவர் கம்பணர், புக்கரின் மகன் குமார கம்பணர். தேவியின் பெயரோடு அரச குலத்து ஆண் பெயரை ஒட்டவைத்திருக்கிறார் ருஷ்தி. கன்னடத்தின் ஆதிகவியும் பம்பன்தான் (10-ஆம் நூற்றாண்டு). நாயகி கவியாக இருப்பதால் அதுவும் காதில் ஒலிக்கிறது.

5. அது என்ன 247 வருஷம்? சும்மா போட்ட எண்ணா?

சும்மா போட்டதில்லை. விஜயநகரம் வீழ்ந்த தலைக்கோட்டைப் போர் 1565. அதிலிருந்து 247-ஐக் கழித்தால் 1318. கம்பிலி வீழ்ந்தது 1327, அப்போது அவளுக்கு ஒன்பது. நகரம் உருவானதாகச் சொல்லப்படும் ஆண்டு 1336, அப்போது பதினெட்டு. இடையிலிருக்கும் ஒன்பது வருடமும் வித்யாசாகர் என்ற சாமியாரின் குகையில்.

நாவலில் ஆண்டு எண்கள் அதிகம் வராது, அதனால் படிக்கிறவர்கள் காலத்தில் வழி தவறுகிறார்கள். புத்தக அடையாளச் சீட்டில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1356 புக்கர் ஆட்சி – வயது 38. 1509 கிருஷ்ணதேவராயர் பட்டம் – 191. அவர் மறைவு 1529 – 211. 1565 – 247. பார்ப்பதற்கு அவள் இளம்பெண்ணாகவே இருப்பாள் என்பதை மறக்க வேண்டாம். பெற்ற மகள்கள் அவளைவிட மூத்தவர்களாகத் தெரிவார்கள், அவளுக்கு முன்னால் போய்ச் சேர்வார்கள். வரம் சாபமாகும் இடம் அதுதான்.

6. கம்பிலியில பெண்கள் தீக்குளிச்சது நடந்த விஷயமா?

நடந்ததாக எழுதி வைத்தவர் 14-ஆம் நூற்றாண்டு மொராக்கோ பயணி இபின் பதூதா. முகமது பின் துக்ளக்குக்கு எதிராகக் கலகம் செய்த உறவினன் பகாவுத்தீன் குர்ஷாஸ்ப், கம்பிலி மன்னனிடம் அடைக்கலம் புகுந்தான். டெல்லிப் படை முற்றுகையிட்டது. மன்னன் விருந்தாளியை ஹொய்சள வல்லாளனிடம் அனுப்பிவிட்டு, தீ மூட்டச் சொல்லி, பெண்களை அதில் இறங்கச் சொல்லி, பிறகு தானும் போரிட்டு இறந்தான் என்கிறார். (இதே பதூதா பிறகு மதுரைக்கும் வந்தார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் இவருக்குச் சகலை.)

இந்தப் பதிவில் பெண்கள் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் எரிகிறார்கள். பெயர் இல்லை. ருஷ்தி செய்தது, கூட்டத்தில் ஒருத்திக்குப் பெயரும் தொழிலும் கொடுத்து, கரையில் ஒரு மகளை நிறுத்தியது.

7. விதை தூவி நகரம் முளைக்கிறது எந்தப் புராணத்துல வருது?

விஜயநகரத்தின் மரபான தோற்றக் கதை வேறு. வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு முயல் பயந்து ஓடாமல் வேட்டை நாய்களையே திருப்பிக் கடிக்கிறது. இந்த மண்ணில் வீரம் இருக்கிறது, இங்கே நகரம் கட்டு என்று முனிவர் சொல்கிறார். நூனிஸும் இதை எழுதியிருக்கிறார். வித்யாரண்யர் என்ற அந்த முனிவர் பொன் மழை பெய்வித்தார் என்றும் ஒரு கதை உண்டு.

முயலும் பொன்மழையும் இருந்த இடத்தில் ருஷ்தி காய்கறி விதைகளை வைக்கிறார். பொன் ராஜாவின் சமாசாரம், விதை அடுப்படியின் சமாசாரம். முளைத்த மக்களுக்கு நினைவே கிடையாது. வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பம்பா இரவு பகலாகக் காற்றில் கிசுகிசுத்து ஒவ்வொருவர் காதிலும் ஒரு கடந்த காலத்தை ஊற்றுகிறாள்: உன் தாத்தா இன்னார், உனக்கு இந்தத் தொழில், உனக்கு இந்தச் சாமி. எந்த நாட்டுக்கும் வரலாறு இப்படித்தான் வாய்க்கிறது என்ற குறும்பு அதில் இருக்கிறது.

8. பெண்கள் கணக்கு எழுதுறாங்க, மல்யுத்தம் பண்றாங்க, காவல் காக்குறாங்க. இது கொஞ்சம் ஓவரா இல்ல?

இந்தப் புத்தகத்தில் ‘ஓவர்’ என்று அதிகம் பேர் சொல்லும் பகுதி இதுதான். ஆனால் ஆதாரம் இருக்கும் பகுதியும் இதுதான். நூனிஸ் குறிப்பில் அரண்மனைப் பெண்களின் பட்டியல் வருகிறது: மல்லுக்கட்டும் பெண்கள், சோதிடம் பார்க்கும் பெண்கள், வாயிலுக்கு உள்ளே ஆகும் செலவுக் கணக்கை எழுதும் பெண்கள், ராஜ்யத்து விவகாரங்களை எழுதி வெளியே இருக்கும் ஆண் எழுத்தர்களின் ஏட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பெண்கள், இசைக்கும் பெண்கள், நீதி விசாரிக்கும் பெண்கள், இரவுக் காவல் பெண்கள். வெளி ஏட்டை உள் ஏட்டோடு ஒத்துப்பார்ப்பது என்றால் இன்றைய தணிக்கை வேலை. மகாநவமி விழாவில் மல்யுத்தம் நடந்ததையும், கேடயமும் வாளும் ஏந்திய பெண்களையும் பயஸும் எழுதியிருக்கிறார்.

இதை வைத்துக்கொண்டு விஜயநகரத்தில் ஆண் பெண் சமத்துவம் நிலவியது என்று கிளம்பிவிடக் கூடாது. அந்தப் பெண்கள் எல்லாம் அந்தப்புரத்தின் உள்வட்டத்தில் இருந்தவர்கள். கணவனோடு மனைவி எரிவதையும் அதே நூனிஸ்தான் விவரிக்கிறார். ருஷ்தி முதல் செய்தியை எடுத்து நகரம் முழுவதற்கும் விரித்தார், இரண்டாவதை வைத்துக் கதையைத் தொடங்கினார்.

9. அந்தக் காலத்துல காவியம் எழுதுற அளவுக்குப் பெண் கவிகள் இருந்தாங்களா?

இருந்தார்கள். அதில் ஒருத்தி நம் மதுரையைப் பற்றி எழுதியவள். 4-ஆவது பதிலில் சொன்ன குமார கம்பணரின் மனைவி கங்காதேவி. கணவன் காஞ்சியிலிருந்து கிளம்பி மதுரை சுல்தானை வீழ்த்தியதை ‘மதுரா விஜயம்’ என்று சமஸ்கிருதத்தில் பாடினாள். 1916-இல் திருவனந்தபுரத்தில் ஒரு சுவடிக் கட்டில் இது கிடைத்தது. ஏடுகள் சிதைந்து, இடையிடையே பாடல்கள் அறுந்து போயிருந்தன. பெண் எழுதிய காவியம் ஐந்தாறு நூற்றாண்டு கழித்து வெளியே வருகிறது என்பதை நாவலின் பானையோடு வைத்துப் பாருங்கள்.

அதில் ஒரு காட்சி. இரவில் ஒரு பெண் கம்பணனிடம் வருகிறாள், யாரென்று தெரியாது. மதுரை சீரழிந்து கிடப்பதைச் சொல்கிறாள். தோப்பில் தென்னைகளை வெட்டிவிட்டு, மண்டையோடு கோத்த கழுமரங்களை நட்டிருக்கிறார்கள் என்கிறாள். சொல்லிவிட்டு ஒரு தெய்வ வாளை அவன் கையில் கொடுக்கிறாள். ஓர் அரசி, தன் புருஷன் வென்ற போரைப் பற்றி எழுதும்போதே, வாள் எடுத்துக் கொடுத்தவள் ஒரு பெண் என்று எழுதினாள். மாய யதார்த்தம் என்ற பெயருக்கு ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய எழுத்து இது. ‘விக்டரி சிட்டி’ பிடித்தவர்கள் அடுத்து இதைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

10. பம்பாவோட காவியத்துக்கு ஏன் 24,000 பாட்டு? ‘ஜயபராஜயம்’னு ஏன் பேர்?

வால்மீகி ராமாயணத்துக்கு மரபாகச் சொல்லும் எண்ணிக்கை 24,000. ஹம்பி கிஷ்கிந்தையாகக் கருதப்படும் இடம். மகாபாரதத்தின் பழைய பெயர் ‘ஜய’, அதாவது வெற்றி. அதன் பக்கத்தில் ‘பராஜயம்’, அதாவது தோல்வியையும் சேர்த்துப் பெயர் வைக்கிறாள் பம்பா. கங்காதேவியின் தலைப்பில் விஜயம் மட்டும்தான்.

11. முதல் பகுதி ஓடுச்சு. காட்டுக்குள்ள போனதும் நின்னு போச்சு. விட்டுடலாமா?

பலர் கைவிடும் இடம் அது. நாவலில் நான்கு பகுதிகள்: பிறப்பு, வனவாசம், மகிமை, வீழ்ச்சி. இரண்டாவதில் நகரமும் இல்லை, அரசியலும் இல்லை. கூடவே பெயர்கள் குவிகின்றன. முதல் பகுதி படிக்கும்போதே ஒரு தாளில் மூன்று நிரை போடுங்கள்: சங்கமச் சகோதரர்கள், பம்பாவின் மூன்று மகள்கள், புக்காவுக்குப் பெற்ற மூன்று மகன்கள். பாதிக் குழப்பம் தீரும். மகன்களின் பெயர்களில் ஏரப்பள்ளி, குண்டப்பா என்று வருவதைப் பார்த்துக் கிரிக்கெட் ரசிகர்கள் சிரிப்பார்கள். பிரசன்னாவும் விஸ்வநாத்தும்தான்.

காட்டின் பெயர் ஆரண்யானி. ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் 146-ஆவது பாடல் இந்த வனதேவதைக்கு. காட்டுக்குள் போகும் ஆண்கள் பெண்ணாக மாறும் ஆபத்து உண்டு என்பது இளன் என்ற மன்னன் இளை என்ற பெண்ணாக மாறிய புராணக் கதையிலிருந்து வருகிறது. இதெல்லாம் தெரிந்து படித்தால் காடு கொஞ்சம் வெளிச்சமாகும். தெரிந்தும் அலுத்தால் வேகமாகப் புரட்டுங்கள், மூன்றாம் பகுதியில் நாவல் மறுபடி நிமிர்ந்துவிடும். இரண்டாம் பகுதி கொஞ்சம் இளைத்ததுதான் என்பதே எங்கள் கட்சியும்.

12. ‘வித்யாசாகர்’ வித்யாரண்யர்தானே? அப்ப அந்தக் குகை விஷயம்...?

பாத்திரத்தின் சாயல் அவருடையதுதான். ஆனால் சிறுமியை அந்தச் சாமியார் குகையில் பலாத்காரம் செய்தான் என்பது முழுக்க நாவலின் கற்பனை. வித்யாரண்யர் மீது அப்படி ஒரு பேச்சு எந்தப் பழைய நூலிலும் கிடையாது. பெயரை மாற்றி வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, நாமாகத் திருப்பி மாற்றக் கூடாது.

அதைவிட முக்கியமான சிக்கல், வித்யாரண்யர் நகரத்தை உண்டாக்கினார் என்பதே பிற்காலத்தில் கட்டப்பட்ட கதை என்று ஒரு தரப்பு வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள். சிருங்கேரி மடத்தில் அவர் தலைமை வகித்தது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆக, 1336-இல் நின்ற முனிவர் ஏற்கெனவே பாதி புராணம்.

13. போர்ச்சுகீசியர் வந்ததே 1498. நகரம் உருவான உடனே ஒருத்தன் குதிரையோட எப்படி வந்து நிக்கிறான்? தப்புதானே?

தப்புதான், 160 வருடத் தப்பு. ருஷ்தி தெரிந்தே செய்தது. ஹரிஹரர் காலத்தில் குதிரை கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்கள், ஹோர்முஸ் வழியாக. நகரத்துக்குப் பெயர் வைப்பவனாகவும், பம்பாவின் காதலனாகவும் ஒரு வெளியூர்க்காரன் தேவைப்பட்டான். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அவனைத் தூக்கி வந்துவிட்டார். வரலாறு தெரிந்தவர்கள் இங்கேதான் புத்தகத்தை மூடுகிறார்கள். 2-ஆவது பதிலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடரலாம்.

14. கிருஷ்ணதேவராயர் அமைச்சரோட கண்ணைப் பிடுங்கினது நிஜமா? பம்பாவோடது?

அமைச்சர் சாளுவ திம்மரசுவின் கண்களைப் பறித்துச் சிறையில் போட்டார் என்று நூனிஸ் எழுதுகிறார். இளவரசனின் சாவில் திம்மரசுவின் குடும்பத்தின் மேல் விழுந்த சந்தேகம் காரணம். நாவலில் அதே தண்டனை பம்பாவுக்கும் சேர்த்து விழுகிறது. பம்பாவின் பங்கு கற்பனை.

கசப்பான விஷயம் வேறொன்று. இதே கிருஷ்ணதேவராயர் எழுதிய தெலுங்குக் காவியம் ‘ஆமுக்தமால்யதா’, அதாவது சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். ஒரு பெண் கவியைக் காவியமாகப் பாடிய அரசர், நாவலில் ஒரு பெண் கவியின் கண்களில் சூட்டுக்கோல் வைக்க ஆணையிடுகிறார். ஆண்டாளை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படிக்கும் தமிழ் வாசகருக்குக் கூடுதலாக ஒரு குத்து விழும்.

15. ருஷ்திக்கு ஒரு கண் போனது இதுக்குள்ள வந்திருக்கு, இல்லையா?

இல்லை. அவரைக் குத்தியது 2022 ஆகஸ்ட் 12. நாவல் அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டது. எழுத்தாளர் தன் காயத்தை எழுதினார் என்று சொல்வது பிழை. எழுதியது பிறகு நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

16. திருமலாம்பா ரெண்டு பேரா? தேடினா வேற வேற ஆள் வருது.

இரண்டு பேர். ஒருத்தி கிருஷ்ணதேவராயரின் மகள், தலைக்கோட்டையில் விஜயநகரப் படையை நடத்திய ராம ராயரின் மனைவி. அதனால்தான் அவர் அளிய ராம ராயர், கன்னடத்தில் அளிய என்றால் மருமகன். நாவலின் கடைசிப் பகுதியில் வருபவள் இவள் சாயல். இன்னொருத்தி கிருஷ்ணதேவராயருக்கு அடுத்து ஆண்ட அச்சுத தேவராயரின் அவைக் கவி, ‘வரதாம்பிகா பரிணயம்’ என்ற சம்பு காவியம் (உரைநடையும் செய்யுளும் கலந்தது) எழுதியவள். 9-ஆவது கேள்விக்கு அவளும் ஒரு பதில்.

17. 1565-ல எல்லாம் முடிஞ்சுதா?

நகரம் முடிந்தது, அரசு முடியவில்லை. ராம ராயரின் தம்பி திருமலர் பெனுகொண்டாவுக்குப் போனார். பிறகு சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரம் நகர்ந்துகொண்டே இருந்தது. 1639-இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கிடைத்தது இந்த அரசுக்கு உட்பட்ட நாயக்கர்களிடமிருந்துதான். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களும் இதன் கிளைகள். பம்பாவின் ஆயுள் நகரத்தோடு கட்டப்பட்டது, அதனால் நாவல் அங்கேயே நிற்கிறது.

18. ஹம்பி போனா நாவல்ல வர்ற எதெல்லாம் பார்க்கலாம்?

ஹொஸ்பேட்டையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். காலையில் விருபாட்சர் கோவிலில் தொடங்குங்கள், உள்ளேயே பம்பா தேவி சன்னதி இருக்கிறது. பலர் கோபுரத்தைப் படமெடுத்துவிட்டு அதைத் தவற விடுகிறார்கள். பக்கத்தில் ஹேமகூட மலை. ஹுக்காவும் புக்காவும் உட்கார்ந்து பார்த்த மாதிரி பார்க்க அது தோதான இடம். அரண்மனை வளாகம் மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி: மகாநவமி மேடை, படிக்கிணறு, ஹஜார ராமர் கோவில். பானை புதைந்ததாக நாவல் சொல்வது இந்தப் பகுதியில்தான். நிழலே கிடையாது, மதியம் பாறை கொதிக்கும்.

‘ராணி குளியலறை’, ‘ஜெனானா வளாகம்’, ‘தாமரை மகால்’ என்ற பலகைகளை நம்பிக் கற்பனை செய்ய வேண்டாம். எல்லாம் பிற்காலத்தில் ஒட்டிய பெயர்கள். அங்கே பெண்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குத் திடமான சான்று இல்லை.

19. அப்ப அந்தப் பெண் கணக்கர்கள் எழுதின ஏடு ஏதாவது கிடைச்சிருக்கா?

ஒன்றும் கிடைக்கவில்லை. நகரத்திலிருந்து நமக்கு மிஞ்சியவை கல்வெட்டும் செப்பேடும். அவை பெரும்பாலும் கோவிலுக்குக் கொடுத்த தானங்களைச் சொல்லும். அரண்மனை வாயிலுக்குள் எந்தப் பெண் எந்த நாளில் என்ன செலவு எழுதினாள் என்ற ஏடுகள் ஓலையோ துணியோ, எதுவாக இருந்தாலும் போயே போய்விட்டன. ஒரு குதிரை வியாபாரி கேட்டு எழுதிய அந்தச் சில வரிகள்தான் பாக்கி.